வடக்கே பார்த்து வைக்கலாம், அல்லே?

என் அத்தை ஒரு விஷயத்தைத் தப்பாகக் கேட்டாள் என்றால், அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று அர்த்தம். தெரியாததை அவள் யாரிடமும் கேட்க மாட்டாள். லைப்ரரிக்குப் போய்ப் படித்துவிட்டு வருவாள். படித்து முடித்த பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டி, கடைசியில் ஒரு "அல்லே" சேர்த்து, எதிரே நிற்பவனிடம் கேட்பாள். நாம் "இல்லையா" என்று முடிக்கிற இடத்தில் திருவனந்தபுரத்துத் தமிழர்கள் மலையாளத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்ட வால் அந்த "அல்லே". மற்றவர்கள் வாயில் அது சும்மா வரும். அத்தை வாயில் வந்தால் பரீட்சை.

எதிராளி ஆமாம் என்றால் பெயில். மறுத்துச் சொன்னால் பாஸ். பெயிலானவனிடம் அத்தை கோபிக்க மாட்டாள், விளக்கம் கேட்க மாட்டாள். "செரி" என்பாள், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து டப்பென்று மூடுவாள். தான் பெயிலானதே தெரியாமல் அந்த ஆசாமி சிரித்துக்கொண்டு நிற்பான்.

நான் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து, வலியசாலையில் அத்தை வீட்டில் தங்கியிருந்த காலம் அது. தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை. சாயங்காலம் சில நாள் அத்தையும் நானும் கிழக்கேகோட்டையில் சந்தித்துச் சேர்ந்து வீடு திரும்புவோம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அத்தை, "வலியசாலைக்குப் பேட்டை வழியா போகணும், அல்லே?" என்பாள். பேட்டை இருப்பது ஊரின் இன்னொரு பக்கம். டிரைவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினால் உடனே இறங்கிவிடுவாள், நானும் இறங்க வேண்டும். மழை பெய்தாலும் இறங்க வேண்டும். அது வேறு திசை அம்மா என்று சொல்கிற ஒருவன் கிடைக்கும்வரை ஏறி இறங்கிக்கொண்டே இருப்போம். சில நாள் அப்படியே பாதி தூரம் நடந்து வந்திருக்கிறோம்.

பிளட் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதும், அல்லே என்று கேட்டபோது ஏதோ எழுதிக்கொண்டே "ம்ம்" என்று சொன்ன டாக்டர், எங்கள் குடும்பத்தையே இழந்தார். அவர் நல்ல டாக்டர்தான், கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும். அத்தையிடம் அது எடுபடவில்லை.

எனக்குப் பார்த்த முதல் வரன் நாகர்கோவில் பையன். பார்க்க லட்சணமாக இருந்தான், எனக்குப் பிடித்தும் இருந்தது. பஜ்ஜித் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு அத்தை, "கன்னியாகுமரி இப்பவும் கேரளாவிலேதான் இருக்கு, அல்லே?" என்றாள். பையன் மரியாதை தெரிந்தவன். பெரியவர்களை மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ஆமாம் மாமி என்றான். "செரி" என்றாள் அத்தை. அவர்கள் போன பிறகு நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து சொன்னாள்: "சொந்த ஜில்லாவையே தூக்கிக் குடுத்துட்டாண்டி. நாளைக்கு யாராவது கேட்டா உன்னையும் குடுத்துடுவான்."

இந்தப் பழக்கத்துக்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒரு சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்து ரிட்டயர் ஆனவள் அவள். ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்கென்றே, ஒரு குமாஸ்தாவுக்குப் பிப்ரவரி முப்பதாம் தேதி வரை லீவு கொடுத்து ஒரு நோட்டு எழுதி மேலே கீழே எல்லாம் சுற்ற விட்டாளாம். ஆறு பேர் சின்னக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். லீவு கேட்டவனும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கதையை அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள், ஒரு தடவைகூட சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

இதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்காத ஒன்று உண்டு. அதுதான் அத்திம்பேர். அத்தையின் புருஷன். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவர் அத்தையிடம் பேசிய பேச்சைக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி "ஆமாம்" ஆகத்தான் இருக்கும். சாம்பாரில் உப்பில்லை என்று அத்தை சொன்னால் ஆமாம். இருக்கிறது என்று சொன்னாலும் ஆமாம். இவர் எப்படி அந்தப் பரீட்சையில் பாஸானார் என்று கல்யாணம், பூணூல் எதில் கூடினாலும் நாங்கள் பேசிப் பேசி ஓய்ந்திருக்கிறோம். நேரில் கேட்டால் அத்தை, போய் வேலையைப் பாரு என்பாள். அத்திம்பேர் பேப்பருக்குப் பின்னால் போய்விடுவார்.

அந்த அத்திம்பேர் ஒருநாள் விழுந்தார். அப்போது கேரளாவில் தினமும் சாயங்காலம் முறை வைத்து அரைமணி கரண்டை நிறுத்துவார்கள். எங்கள் தெருவுக்கு ஏழு மணி. கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதானே? அத்திம்பேரால் முடியாது. உடனே எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தினமும் போகிறது, தினமும் எல்லார் வீட்டிலும்தான் போகிறது, ஆனாலும் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூடத்திலிருந்து ரேழிக்கு இறங்குகிற படியில் கால் தவறி இடுப்பில் அடி. ஆறு வாரம் படுக்கை. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் (புது டாக்டர், பரீட்சையில் பாஸானவர்) சொல்லிவிட்டார்.

அத்தை அன்று அழவில்லை. மறுநாள் லைப்ரரிக்குப் போனாள். அத்திம்பேர் படுக்கையை விட்டு எழுந்ததும், வீட்டுக்கு சோலார் வைக்கப்போகிறோம் என்று அறிவித்தாள். நாங்கள் எல்லாம் இன்வெர்ட்டர் என்றோம். கரண்ட் இல்லாதபோது உதவுவதற்கு வருகிறவன் கரண்டையே நம்பிப் பிழைக்கிறவனாக இருந்தால் எப்படி என்று கேட்டாள். எடவப்பாதி என்கிற ஜூன் மாச மழையில் ஒரு மரக்கிளை விழுந்தால் எங்கள் தெருவில் நாள் முழுக்கக் கரண்ட் வராது என்பது உண்மைதான். மாடியில் இரண்டு பேனல், கீழே ஒரு பேட்டரி, படிக்கு மேலே ஒன்றோடு சேர்த்து நாலு விளக்கு. சூரியன் என்றைக்கும் மெமோ வாங்கியதில்லை என்றாள். நல்ல ஆளாகப் பார்த்துப் பிடிப்பதுதான் பாக்கி.

அங்கேதான் ஆரம்பித்தது எங்கள் கஷ்டம். அந்த நாளில் வீட்டுக்கு சோலார் வைக்கிறவர்கள் ஊரிலேயே நாலைந்து பேர்தான். அத்தையோ ஆளைத் தேர்ந்தெடுக்கிறவள் அல்ல, கழித்துக்கட்டுகிறவள். நாலைந்து பேரை அவள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஆள் டை கட்டி, கலர் கலராக ஒரு புத்தகத்தோடு வந்தான். பேனலைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும் என்று அத்தை படித்து வைத்திருந்தாள். எனவே, "வடக்கே பார்த்து வைக்கலாம், அல்லே? வடக்கேயிருந்துதான் காத்து வரும்" என்றாள். தாராளமாக வைக்கலாம் மேடம், காற்றுப் பட்டால் இன்னும் நல்லது என்றான் அவன். செரி. கண்ணாடிக் கூடு டப். இரண்டாவது ஆள் கொஞ்சம் வயசானவர், பூஜை ரூமைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். வடக்கு குபேரனுடைய திசை, அம்மா ஐஸ்வரியமாகத்தான் யோசிக்கிறீர்கள் என்றார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

அந்த வாரம் ஒருநாள் ஏழு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது கரண்ட் போனது. அத்தை சமையலறையில் டார்ச் தேடுகிற சத்தம் கேட்டது. இருட்டில் யாரோ என் தோளைப் பிடித்தார்கள். அத்திம்பேர். ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில். பக்கத்தாத்திலயும் போயிடுத்தான்னு பாக்க வந்தேன் என்றார், ஒன்றுமே நடக்காதது போல. கையை மட்டும் என் தோளிலிருந்து எடுக்கவில்லை. அவரைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் லைப்ரரிக்குத்தான் போவாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் கடை வைத்திருந்த மூன்றாவது ஆளைத் தேடிப் போனேன். சின்ன வயசு, சுறுசுறுப்பான ஆள். நடந்ததை எல்லாம் சொல்லி, கடைசியில் அந்தப் பாவத்தையும் செய்தேன். அத்தை பேச்சு அல்லே என்று முடிந்தால், என்ன விஷயமானாலும் சரி, இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவன் சிரித்துவிட்டுச் சரி என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தான். அன்று அவன் எழுதிய பரீட்சையை நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வடக்கே வைக்கலாமா, கூடவே கூடாது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாமா, யார் சொன்னது, மாசாமாசம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பலா மரத்தின் நிழல் நம் மாடியில் விழாதா, கண்டிப்பாக விழும். அத்தையின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நாங்கள் யாருமே பார்த்திராத சிரிப்பு ஒன்று அவளிடமிருந்து வந்தது. உள்ளே வந்து தானே டிகாக்ஷன் இறக்கி, முதல் காபி கலந்து எடுத்துக்கொண்டு போனாள். சக்கரை போதும், அல்லே என்று உபசாரமாகக் கேட்டாள். போதாது என்றான் அவன். அதுவும் அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

அப்போது அத்திம்பேர் பேப்பரை இறக்கினார். சாயங்காலம் கோயிலுக்குப் போகலாமா என்று யோசித்திருப்பார் போல. "இன்னிக்கு வெள்ளிக்கிழமை, அல்லே?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், ஊர்ப் பழக்கம்.

"அல்ல சார்" என்றான் அவன், கொஞ்சமும் தயங்காமல்.

அவன் தலைக்கு நேர் மேலே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கதவோடு அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

அவன் போன பிறகு அத்தை, இவன்தான் ஆள், நாளைக்கே வரச் சொல்லிவிடலாம் என்றாள். வழக்கமாக இந்த இடத்தில் ஓர் ஆமாம் வரும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். அத்திம்பேர் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அந்த வார்த்தை அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. இரண்டாம் தடவை சாதம் போடும்போதுகூட அவர் கையைத்தான் குறுக்கே காட்டுவார்.

"ஆமாம்னே சொல்றவனும் இல்லேன்னே சொல்றவனும் ஒண்ணுதான். ரெண்டு பேருமே நீ சொன்னதைக் காதுலே வாங்கிக்கலை" என்றார் அத்திம்பேர். அப்புறம் காலண்டரைக் காட்டி, வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னார்.

அத்தை காலண்டரைப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் வாயிலிருந்து ஓர் அல்லேகூட வரவில்லை. ஆட்டோக்காரனிடம் வலியசாலை என்று மட்டும் சொன்னாள். அவன் ஒழுங்காகக் கொண்டுபோய் விட்டபோது, என்னமோ பறிகொடுத்தவளைப் போல இறங்கினாள். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நாலாவது ஆள் மார்த்தாண்டத்துக்காரர். அங்கே ஒரு சர்ச்சுக்கு சோலார் வைத்துக் கொடுத்தவர் என்று யாரோ சொல்லி வந்தார். வேட்டி கட்டி, ஒரு குடையும் ரெக்சின் பையுமாக வந்தார். கொட்டேஷன், கலர் புத்தகம் ஒன்றும் இல்லை. அத்தை ஈனஸ்வரத்தில், நம்பிக்கையே இல்லாமல், "வடக்கே பார்த்து வைக்கலாம், அல்லே?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. மாடிக்கு வழி எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷம் கழித்து, கையில் திசை காட்டுகிற பெட்டியோடு இறங்கி வந்தார்.

"அம்மா, நீங்க சொன்னதுல பாதி செரியாக்கும்" என்றார்.

அத்தை நிமிர்ந்தாள். இந்தப் பதிலுக்கு அவளிடம் மார்க்கே கிடையாது. அவர் நிதானமாக விளக்கினார். நாம் இருப்பது தென்கோடி. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதிவரை நம் ஊரில் நடுமத்தியானச் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். மற்ற மாசமெல்லாம் தெற்கே. ஆனால் வடக்கே நிற்கிற காலத்தில் பாதி நாள் மழை மூட்டம். ஆகவே அதிகம் சாய்க்காமல், லேசாகத் தெற்கே பார்த்து வைத்தால் போதும், மழைத்தண்ணீரும் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடிவிடும். அத்தை எழுந்துபோய் லைப்ரரிப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டினாள். அதை எழுதியவன் எங்கேயோ பனி பெய்கிற ஊர்க்காரன். வலியசாலையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவள் தப்பு என்று நினைத்துக் கேட்ட கேள்வியே பாதி சரி. அப்படியானால் அந்த டை கட்டினவன், குபேரன்காரர் எல்லாம் பாதி பாஸா என்று கேட்டேன். அவர்கள் தெரிந்துகொண்டா சொன்னார்கள் என்று அத்தை சீறினாள். சீறினது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உயிர் வந்துவிட்டது அவளுக்கு. அடுத்ததைப் போட்டாள். "அந்தப் பலா மரத்து நெழல் இங்கே விழாது, அல்லே?"

"அது எனக்குத் தெரியாது. மூணு மணி வரைக்கும் இருந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் அவர்.

சொன்னபடி இருந்தார். மொட்டை மாடியில் குடையை விரித்துக்கொண்டு, வெயிலில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். அத்தை இரண்டு தடவை மோர் கொடுத்தனுப்பினாள், மூன்றாம் தடவை தானே எடுத்துக்கொண்டு ஏறினாள். இரண்டே முக்காலுக்கு நிழல் வந்து மாடியின் மேற்கு மூலையைத் தொட்டது. அவர் ஒரு சாக்குக்கட்டியால் அந்த இடத்தில் கோடு போட்டு, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பேனல் வைக்கக்கூடாது என்று காட்டினார். அத்தை கீழே இறங்கி வந்து அத்திம்பேர் முன்னால் நின்றாள். இவர் எப்படி என்று அவரைக் கேட்டாள். அப்படி அவள் ஒருவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஆமாம்" என்றார் அத்திம்பேர்.

அடுத்த வாரம் விளக்குகள் வந்தன. முதல் நாள் சாயங்காலம், ஆறரையிலிருந்தே மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்தோம். அந்த ஊரில் கரண்ட் போகக் காத்திருந்தவர்கள் அன்றைக்கு நாங்கள் மட்டும்தான். சரியாக ஏழுக்குப் போனது. தெரு முழுக்க ஓர் ஓ கேட்டது. எங்கள் கூடத்தில் வெள்ளையாக வெளிச்சம் நின்றது. படி பளிச்சென்று தெரிந்தது.

அத்திம்பேர் எழுந்தார். இப்போது எதற்கு என்று கேட்க நான் வாயெடுத்தேன், அத்தை கையமர்த்தினாள். அவர் படியைப் பார்த்து ஒரு கால், பிறகு மறு கால் வைத்து இறங்கி, ரேழியைத் தாண்டி வாசலுக்குப் போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். அதே போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார். "எல்லாராத்திலயும் போயிடுத்து" என்றார், ரொம்பத் திருப்தியாக. அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுந்த அன்றைக்கு வராத அழுகை அன்றைக்கு வந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. அத்தை விளக்கைப் பார்த்துக்கொண்டே, வெகு சாதாரணமாக என்னிடம் கேட்டாள்.

"அந்தத் தம்பானூர்ப் பையனுக்கு நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை, அல்லே?"

அந்த வாலை நான் கேட்டேன். எத்தனையோ ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பயம் முந்திக்கொண்டது.

"ஆமா அத்தை, நான் ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

"செரி" என்றாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். கூட்டில் வைத்தாள். டப். அந்த டாக்டர், அந்த நாகர்கோவில் பையன், டை கட்டினவன், எல்லாரும் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களோடு நானும் போய் நின்றேன்.

"இன்னொரு தடவை கேளு" என்றது ஒரு குரல். அத்திம்பேர்.

எதுக்கு என்றாள் அத்தை, அவரைப் பார்க்காமலே.

"எனக்கு மட்டும் கேட்டியே." என் பக்கம் திரும்பினார். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு இவ என்னண்ட கேட்டா. சங்குமுகம் பீச்சிலே சூரியோதயம் ரொம்ப நன்னா இருக்கும், அல்லேன்னு. ஆமாம், நான் தினமும் பாக்கறதுண்டுன்னு சொன்னேன்."

சங்குமுகம் மேற்குக் கடற்கரை. அங்கே சூரியன் கடலில் விழத்தான் செய்யும்.

"செரின்னா. உள்ளே போயிட்டா. போன வேகத்திலே திரும்பி வந்து, அதையே இன்னொரு தடவை கேட்டா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது."

அத்தையின் காது சிவந்துபோனது. அறுபத்தைந்து வயசில் அவள் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூட்டைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்து, தலைப்பால் துடைத்து, மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பையனுக்கு நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை, அல்லே?" என்றாள், முதல் தடவையாகக் கேட்பது போல.

"இல்லே அத்தை. நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.